கைகாட்டி மலர் எங்கே?

பூட்டு ஒழுங்காகத் திறந்தது. பெட்டியும் திறந்தது. பழுப்புக் காகிதப் பொட்டலத்தின் நூலை அறுத்துப் பிரித்த வெங்கடாசலம் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே இருந்தவை இரண்டு பழைய ரயில்வே கால அட்டவணைகள்.

திண்டிவனம், மல்லாட்டை மண்டிக் கூடம். 1959, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தரை மணி. நிலக்கடலை மூட்டைகளை ஒதுக்கிப் பெருக்கி, பெஞ்சுகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். தென்னார்க்காடு மாவட்டத்துக் கையெழுத்துப் பத்திரிகைகள் எல்லாம் அன்று அங்கே போட்டிக்கு வந்திருந்தன. பிரம்மதேசத்துக் 'கல்வெட்டு' வந்துவிட்டது. முகையூர் 'ஏர்க்கால்' வந்துவிட்டது. நடு மேசை மட்டும் காலி. அது விழுப்புரம் ரயில்வேக்காரர்களின் 'கைகாட்டி'க்கு.

அச்சுப் பத்திரிகை என்றால் ஒன்று போனால் இன்னொன்று வாங்கலாம். கைகாட்டிக்கு அந்தப் பேச்சே இல்லை. ஓர் இதழுக்கு ஒரே பிரதி. கதை, கட்டுரை, கவிதை எல்லாவற்றையும் ஒரே கை அழகாக எழுதும். இன்னொரு கை படம் போடும். பிறகு அந்தப் பிரதி ரயில் கார்டுகளின் கையில் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போய், வீடு வீடாகச் சுற்றி, கடைசிப் பக்கங்களில் வாசகர்களின் பாராட்டையும் வசவையும் சுமந்துகொண்டு திரும்பி வரும். இப்படி ஒன்பது ஆண்டு மலர்கள். இது பத்தாவது. இருநூறு பக்கம்.

"இன்னா வெங்கடாசலம், இந்த வருஷம் ரயில் டயத்தையே கதையா எழுதிட்டீங்களா?" என்றார் பிரம்மதேசத்துக்காரர் ஒருவர்.

யாரும் சிரிக்கவில்லை. வெங்கடாசலத்தின் முகம் அப்படி இருந்தது.

போலீஸைக் கூப்பிடச் சொன்னவரே அவர்தான். சப்-இன்ஸ்பெக்டர் பெரியசாமி வந்தார். புகாரை எழுதித் தரச் சொன்னார். வெங்கடாசலம் எழுதினார். கைகாட்டியின் ஆசிரியருக்குக் கோழி கிளறியதுபோல் எழுத்து. பெரியசாமி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்களே படிங்க" என்று திருப்பிக் கொடுத்தார். படித்து முடித்ததும் விசாரணை தொடங்கியது.

"பெட்டிச் சாவி யார்கிட்ட?"

"எங்கிட்டத்தான். அரைஞாண் கயித்துல."

"வேற சாவி?"

"கெடையாது."

"வண்டியில பெட்டி பக்கத்துல யாரு?"

"நான். இதோ, கோதண்டபாணியும் சக்கரபாணியும் எதுத்தாப்புல. விக்கிரவாண்டியில எதிர் வண்டி க்ராசிங்குன்னு நின்னுச்சி. இவங்க காத்தாட எறங்குனாங்க."

"நீரு?"

"பெட்டிய உட்டுட்டு எப்டி சார் எறங்கறது?"

பெரியசாமி தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சாவி உம்ம கிட்ட. பெட்டி பக்கத்துல நீரு மட்டும். உமக்குத் திருச்சிக்கு மாத்தல் ஆர்டர் வந்துட்டுது, அடுத்த வாரம் கெளம்பறீரு. நான் இல்லாத பத்திரிகை எவனுக்கும் வேணாம்னு நெனச்சீரு. அப்டித்தானே?"

"சார், நான் பெத்த புள்ளைங்க அது."

"புள்ளைய ஒளிச்சி வெச்சிக்கினு காணோம்னு சொன்ன அப்பனுங்களையும் பாத்திருக்கேன். அஞ்சு மணிக்கு நடுவர் வர்றாரு. அதுக்குள்ள மலர் வர்லேன்னா, பொய்ப் புகார் குடுத்ததுக்கு நீரு என்கூட வரணும்."

ரயில்வே புக்கிங் கிளார்க்கான அவர் மேல் போலீஸ் கேஸ் என்றால் வேலை போய்விடும். ஆனால் வெங்கடாசலம் வேலையை நினைக்கவில்லை. பத்து வருடம் கட்டிக் காத்த பத்திரிகையை அதன் ஆசிரியரே திருடினார் என்று விழுப்புரம் முதல் திண்டிவனம் வரை ஒவ்வொரு பிளாட்பாரத்திலும் பேசுவார்கள். அதை நினைத்தார்.

"சார், ஒரு அரை நாள் எனக்குக் குடுங்க" என்றது ஒரு குரல்.

நர்ஸ் சவுரியம்மாள். நைட் டியூட்டி முடிந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே கண்காட்சிக்கு வந்திருந்தாள். கைகாட்டிக்குத் திண்டிவனத்து வாசகி. கடைசிப் பக்கத்தில் அவள் எழுதும் இரண்டு வரிக்குப் பயந்து கதையைத் திருப்பி எழுதியவர்கள் உண்டு. போன வருடம் வார்டில் காணாமற்போன தாலிச் சங்கிலியைப் பெரியசாமி வருவதற்குள் கண்டுபிடித்து, அவர் கையிலேயே கொடுத்தவள்.

அந்தச் சங்கிலி பெரியசாமிக்கும் நினைவு இருந்தது. "பாரும்மா. ஆனா அஞ்சு மணிதான்."

சவுரியம்மாள் முதலில் பெட்டியைப் பார்த்தாள். தகரப் பெட்டி, உட்புறம் முழுக்கக் கறுப்பு வர்ணம். இடுப்பிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து நான்கு மூலையையும் துடைத்தாள். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. கறுப்பு வர்ணமும் பளிச்சென்றே இருந்தது. அடுத்து பழுப்புக் காகிதம். அதன் மேல்புறம், முத்து முத்தான எழுத்தில், 'கைகாட்டி: பத்தாம் ஆண்டு மலர்'. ஒரே ஒரு முறை மடித்த தடம். உட்புறத்தை விரலால் தடவி, விரலை வெளிச்சத்தில் பார்த்தாள். முகர்ந்தாள்.

பிறகு ஓரத்து மேசைக்குப் போனாள். ஒன்பது பழைய மலர்களும் முந்தின நாளே பார்சலில் வந்து அங்கே அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றாக அட்டையைத் தடவினாள். மூன்றாவதிலேயே ஒரு தும்மல் போட்டாள்.

"எழுத்து யாரோடது?" என்று கேட்டார் கூட வந்த பெரியசாமி.

"கோதண்டபாணி அண்ணனோடது சார். பத்து வருஷமா ஒரே கை. அடிச்சித் திருத்தின எடம் ஒண்ணு காட்டுங்க, பாப்போம்."

பெரியசாமி ஒரு மலரைப் புரட்டினார். பிறகு நின்றபடியே ஒரு பக்கம் படித்தார். மெதுவாக மூடி, இருந்த இடத்திலேயே வைத்தார்.

பகல் பன்னிரண்டு. மண்டியின் எடை அறை. முதலில் ஓவியன் சக்கரபாணி. விழுப்புரம் கடைத்தெருவில் பாதிப் பெயர்ப் பலகைகள் அவன் எழுதியவை.

"ஆசிரியருக்கும் உனக்கும் சண்டையாமே, தம்பி?"

"அட்டைக்கு நான் செஞ்சி மலைய வரைஞ்சேங்க்கா. கைகாட்டின்னு பேரு வெச்சிட்டு மலைய வரைவியான்னாரு. பழையபடி சிக்னல் மரத்துச் செகப்புக் கையத்தான் போட்டேன். பத்து வருஷமா அதே கை. எனக்கே கை வலிக்குது."

"எப்ப முடிச்சே?"

"நேத்து சாயங்காலம், கோதண்டபாணி அண்ணன் வூட்டுல. கலரு காயல. காயிதம் ஒட்டிக்கினா அட்டை பாழாப்பூடும்னு முன்னாடி பின்னாடி பவுடரு கொட்டி வெச்சிட்டுப் போனேன். எப்பவும் அப்டித்தான். அண்ணன் வூட்டு பொன்னியக்கா திட்டுவாங்க, எம் மூஞ்சிக்கு வாங்கின பவுடர்ல பாதி உங்க பத்திரிகைக்கே போவுதுன்னு."

"காலையில?"

"அண்ணன் கட்டி ரெடியா வெச்சிருந்தாரு. சைக்கிள்ல வெச்சிக்கினு ஸ்டேஷனுக்குப் போனேன். ஆசிரியர் வாங்கி அப்டியே பெட்டியில வெச்சிப் பூட்டிக்கினாரு."

"பிரிச்சிப் பாக்கலியா அவரு?"

"கலரு காயாத அட்டைய ஏன் பிரிக்கறாரு?"

"வழியில எங்கனா நின்னியா?"

"ரயில்வே கேட்டு மூடி இருந்துது. நின்னேன்."

பெரியசாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "போர்டு எழுதறவன். எந்த எழுத்தையும் பாத்து எழுதிடுவே. வேற காயிதத்துல அதே மாதிரி எழுதி, பார்சல மாத்தறதுக்கு எவ்ளோ நேரம் ஆவும் உனக்கு?"

சக்கரபாணி பதில் சொல்வதற்குள் சவுரியம்மாள் பேனாவை நீட்டினாள். "அதே வரிய எழுது தம்பி."

நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். ஒவ்வோர் எழுத்தும் மாட்டு வண்டிச் சக்கரம்போல் உருண்டது. மை இரண்டு இடத்தில் கொட்டியது.

"பிரஷ்ஷக் குடுங்க்கா, ரெண்டு ஆள் உசரத்துக்கு எழுதறேன். இந்த ஊசி நமக்கு ஆவாது."

அடுத்து கோதண்டபாணி. போன வருடம் ஓய்வு பெற்ற, தண்டவாளம் மாற்றும் பாயிண்ட்ஸ்மேன். வெள்ளைச் சட்டைப் பையில் பச்சை மூடிப் பேனா. வலக்கையின் மேல், மாட்டுச் சந்தையில் விலை பேசுகிறவர்போல் ஒரு துண்டு. முன்னால் டீ வைத்தார்கள்.

"கட்டினது யாரு அண்ணே?"

"நான்தாம்மா. காலையில."

"அண்ணி?"

"கெணத்தாண்ட துணி தொவைச்சிக்கினு இருந்தா."

"கட்டிட்டு யாராவது தொட்டாங்களா?"

"சக்கரபாணி வர்ற வரைக்கும் என் மடியிலதான் இருந்துது."

"வெங்கடாசலம் சார் எடுத்திருப்பாரா?"

கோதண்டபாணி தலையைக் குனிந்துகொண்டார். "அவரு அப்டிச் செய்யமாட்டாரும்மா. அவரப் போயி புடிக்காதீங்க. வண்டியிலயே எவனோ… போனது போவட்டும்னு உட்டுடுங்க."

"டீ ஆறுதே."

"வேணாம்மா. பித்தம்."

அவர் போன பிறகு பெரியசாமி சொன்னார். "இந்தாள உடுங்க. விரல வெட்டிக்கினாலும் வெட்டிக்குவாரு, தன் எழுத்த இழக்கமாட்டாரு."

"நானும் அப்டித்தான் நெனைக்கிறேன் சார்" என்றாள் சவுரியம்மாள். அவள் பார்வை சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பின் மேல் இருந்தது.

செயலாளர் அப்பாதுரையைக் கூப்பிட்டாள். "இதுல கடைசியா ஒண்ணு போட்டிருக்கே. 'ஒவ்வொரு பத்திரிகையின் பிரதியை எழுதியவரும் நடுவர் சொல்லச் சொல்ல மேடையில் ஒரு பக்கம் எழுதிக்காட்ட வேண்டும்.' போன வருஷம் இது இல்லியே."

"போன வருஷம் ஒரு ஊர்க்காரங்க கூலிக்கு ஆள் வெச்சி எழுதிக்கினு வந்துட்டாங்கம்மா. பெரிய பேஜாராப் போச்சி. அதான் இப்ப சேத்தோம். எல்லாருக்கும் தபால் கார்டு போட்டுட்டோம். விழுப்புரத்துக்கு நேத்துதான் போய்ச் சேர்ந்திருக்கும்."

"போதும். மூணு பேரையும் கூப்புடுங்க."

பிற்பகல் ஒன்றேகால். எடை அறையின் கதவு சாத்தப்பட்டது. தராசின் இந்தப் பக்கம் மூன்று பேர். அந்தப் பக்கம் பெரியசாமியும் சவுரியம்மாளும்.

"வெங்கடாசலம் சார் எழுதின புகாருக்கு ஒரு சாட்சி வேணும்" என்றாள் அவள். காகிதத்தையும் பேனாவையும் எதிரே தள்ளினாள். "கோதண்டபாணி அண்ணே, நீங்க படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

கோதண்டபாணி துண்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார்.

"வேணாமா? சரி. நானே சொல்றேன். சக்கரபாணி நேத்து அட்டை ரெண்டு பக்கமும் பவுடர் கொட்டியிருக்கான். அந்த மலர இந்தக் காயிதத்துல கட்டியிருந்தா, உள்பக்கம் வெள்ளை வெள்ளையா இருக்கணும். மணக்கணும். ஒண்ணும் இல்ல. பழைய மலரத் தொட்டாலே எனக்குத் தும்மல் வருது. இந்த வருஷத்துக் காயிதத்துல ஒரு பொட்டு இல்ல. பெட்டியிலயும் இல்ல. அப்ப மலர் பெட்டிக்குள்ள வரவே இல்ல. சாவிக்கும் இந்தத் திருட்டுக்கும் சம்பந்தம் இல்ல. வெங்கடாசலம் சார் தப்பு பண்ணல."

வெங்கடாசலம் மூச்சை விட்டார். பெரியசாமி, "வழியில மாத்தியிருந்தா?" என்றார்.

"வழியில பிரிச்சி மாத்தியிருந்தா காயிதத்துல பவுடர் ஒட்டியிருக்கும் சார். புதுக் காயிதத்துல கட்டியிருந்தா மேல இந்த எழுத்து வராது. தம்பி எழுதின லட்சணம் பாத்தீங்களே. இந்தக் காயிதம் மலரத் தொட்டதே இல்ல. மடிப்பும் ஒண்ணுதான். மொதல்ல இதுல என்ன கட்டினாங்களோ அதேதான் இங்க வந்திருக்கு. கட்டினவரு ஒருத்தருதான்."

எல்லோரும் கோதண்டபாணியைப் பார்த்தார்கள்.

"பவுடர அவரு யோசிக்கல. பத்து வருஷமா அவருக்குப் பத்திரிகைன்னா எழுத்து மட்டும்தான். மேல எழுத்து சரியா இருந்தாப் போதும், யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு இருந்துட்டாரு."

"ஏன்?" என்றார் வெங்கடாசலம். "கோதண்டம், நீயா? எதுக்குய்யா?"

"அத நான் காலையிலேயே கேட்டிருக்கணும்" என்றாள் சவுரியம்மாள். "பத்து வருஷத்துல உங்க எழுத்து பாக்கச் சகிக்காதுன்னு பேனாவப் புடுங்கி எழுதறவரு அவருதானே? காலையில இன்ஸ்பெக்டர் சார் உங்க புகார எழுத்துக் கூட்டிப் படிக்கிறாரு. பக்கத்துலயே அண்ணன். பையில பேனா. குடுங்க நான் எழுதறேன்னு ஒரு வார்த்தை சொன்னாரா? அங்க இருந்த யாருக்கும் அது வித்தியாசமாப் படல. எனக்கும்தான். டீயத் தொடாதப்பதான் பட்டுது. அண்ணே, துண்ட எடுங்க. நான் நர்ஸு. தெனம் பாக்குறேன்."

கோதண்டபாணி துண்டை எடுத்தார். வலக்கை நடுங்கிக்கொண்டிருந்தது. பிடித்து நிறுத்த இடக்கை வந்தது, அதுவும் நடுங்கியது.

"ரிட்டயர் ஆன மாசமே ஆரம்பிச்சிட்டுதும்மா" என்றார். "இந்த மலர்ல ஒரு எழுத்து கூட நான் எழுதல. அத்தனையும், பொட்டலத்து மேல எழுதினது கூட, பொன்னி. பத்து வருஷமா எனக்குக் கோடு போட்டுக் குடுத்தவ, மை கலக்கிக் குடுத்தவ. பாத்துக்கினே இருந்திருக்கா. ஒரு நாள் உக்காந்து எழுதினா. அதுவும் என் எழுத்துதான்னு எனக்கே தோணிச்சி. வெளியில சொல்ல மனசு வர்ல. நேத்து கார்டு வந்துச்சி. மேடையில எழுதணும்னு. ஊரே பாக்க இந்தக் கைய எப்டி நீட்டறது? வண்டியில தொலைஞ்சிதுன்னு ஆயிட்டா, இந்த வருஷத்தோட பேரு காப்பாத்திக்கினு ஒதுங்கிடலாம்னு…"

"என் பேரு?" என்றார் வெங்கடாசலம்.

"உங்க தலையில வரும்னு நெனைக்கலீங்க. லாக்கப்புக்குக் கூட்டிக்கினு போறதுக்குள்ள சொல்லியிருப்பேன்."

"அஞ்சு மணி வரைக்கும் வேடிக்கை பாத்துட்டா?"

வெங்கடாசலம் எழுந்து ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"மலர் எங்க?"

"அரிசிப் பானையில."

"அதுல இருநூறு பக்கமும் அந்தம்மா எழுத்தா?"

"ஆமாங்க."

"ஒரு அடித்தல் திருத்தல்?"

கோதண்டபாணி முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினார். "ஒண்ணு இல்ல."

வெங்கடாசலம் பெரியசாமியின் பக்கம் திரும்பினார். "சார், புகார வாபஸ் வாங்கிக்கிறேன். எங்க வூட்டுச் சண்டை. அப்பறமா நாங்களே போட்டுக்கிறோம்."

பெரியசாமி காகிதத்தை நான்காகக் கிழித்தார். "என்னால படிக்க முடியாத புகார்தானே."

அடுத்த வேலை ரயில்வேக்காரர்களின் வேலை. அதில் அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து விழுப்புரத்துக்குப் போன் பறந்தது. விழுப்புரத்தில் ஒரு லைன்மேன் சைக்கிளை மிதித்தார். பேசஞ்சர் புறப்படுகிற நேரம். கார்டு பச்சைக் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எஞ்சினில் ஏதோ சரியில்லை என்று டிரைவரிடம் பேசப் போனார். டிரைவரும் ஆமாம், சரியில்லை என்றார். பொன்னி பிளாட்பாரத்துக்குள் ஓடி வந்ததும் எஞ்சின் தானாகச் சரியாகிவிட்டது.

நாலரைக்கு அவள் மண்டிக் கூடத்துக்குள் நுழைந்தாள். மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தது கைகாட்டி. புடவை முன்புறமெல்லாம் பவுடர்.

புருஷனைத்தான் முதலில் தேடினாள். "இன்னாய்யா மனுசன் நீ? அரிசியில போட்டு வெச்சிட்டுப் பூட்ட. எலி கடிச்சிருந்தா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா?"

"வந்து?"

"வந்து எழுதியிருப்பேன். வேற இன்னா?"

சக்கரபாணி மலரை வாங்கி அட்டையைப் பார்த்தான். சிவப்புக் கை சிறிதும் கலையவில்லை. வாயால் ஊதி, ஓர் அரிசியைத் தட்டிவிட்டு, நடு மேசையில் வைத்தான்.

மாலை ஐந்து. நடுவர் மதராஸிலிருந்து வந்த தமிழ்ப் பேராசிரியர். ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் நடு மேசையில் உட்கார நாற்காலி கேட்டார். கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பிரம்மதேசத்துக்காரர்கள் கழுத்தை நீட்டினார்கள்.

பிறகு மேடை. முகையூர்க்காரர் எழுதினார். பிரம்மதேசத்துக்காரர் எழுதினார், நல்ல எழுத்துதான். அப்பாதுரை அடுத்த பெயரைப் படித்தார்.

"விழுப்புரம் கைகாட்டி சார்பில், கோதண்டபாணி."

கோதண்டபாணி எழுந்தார். வெங்கடாசலம் அவரைப் பார்க்கவில்லை. நேரே மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைக் கோதண்டபாணியேதான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார்.

கூடம் நிறைய ஜனம். கோதண்டபாணி வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கினார். அது ஆடியது. எல்லோரும் பார்க்க ஆடியது. அவர் இறக்கவில்லை.

"பேர தப்பாக் குடுத்துட்டோம், மன்னிச்சிக்குங்க. மொத ஒன்பது மலர் நான் எழுதினது. என் கை பூடுச்சி. இந்தப் பத்தாவது மலர் மொத்தமும் எழுதினது பொன்னி. என் சம்சாரம். அதோ நிக்கிறா பாருங்க."

முதலில் கை தட்டியது பெரியசாமி. பிறகு யார் தட்டினார்கள், யார் தட்டவில்லை என்று பிரிக்க முடியவில்லை. பிரம்மதேசத்து ஆள் பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டார், சரியாகப் பார்க்க வேண்டும் என்று. சவுரியம்மாள் பொன்னியின் முதுகில் கை வைத்து மேடைப் படிவரை கொண்டுபோய் விட்டாள்.

பொன்னி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கணவரின் பச்சை மூடிப் பேனாவைத் திறந்து, நகத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். பேராசிரியர் சொல்லத் தொடங்கினார். முதலில் மெதுவாகச் சொன்னார். அவள் முந்திக்கொண்டு காத்திருந்தாள். வேகமாகச் சொன்னார். அதற்கும் காத்திருந்தாள். காகிதத்தில் எழுத்து, நெல் விரித்ததுபோல் ஒரே சீராக இறங்கிக்கொண்டே வந்தது. பேராசிரியர் சொல்லுவதை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

வெங்கடாசலம் கோதண்டபாணியின் நடுங்கும் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். திருச்சிக்குப் போனாலும் பதினோராம் மலரைப் பார்க்க லீவு போட்டு வருவது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டார்.

மேடையில் பொன்னி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ்ளோதானாங்க? இன்னும் காயிதத்துல எடம் கெடக்குதே."